பரணில் கிடந்த ஜி.ஐ. ஜோ: ஃபன்ஸ்கூல் பொம்மையைப் படிப்பதும் பழுது பார்ப்பதும்

பொங்கலுக்கு முன்னால் பெரம்பூரில் அக்கா வீட்டுப் பரணை ஒழித்தார்கள். அங்கே கிடந்த ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்கா மகன் என் வீட்டுக்கு வந்தான். மூடியில் என் கையெழுத்தில் என் பெயர், கீழே ‘ஆறாம் வகுப்பு பி’. உள்ளே ஐந்து ஜி.ஐ. ஜோ பொம்மைகள், உள்ளங்கை அளவுப் படைவீரர் பொம்மைகள். பிளின்ட், பீச் ஹெட், ஏர்டைட், ஸ்பிரிட், ஸ்டார்ம் ஷேடோ. இரண்டு பேருக்கு இடுப்புக்கு மேலே தனி, கீழே தனி. பீச் ஹெட்டுக்கு வலது கட்டைவிரல் இல்லை. ஸ்டார்ம் ஷேடோ வெள்ளையாக இருந்தவன், மஞ்சளாகியிருந்தான்.

அக்கா மகன் வரும் வழியிலேயே கைபேசியில் அமெரிக்கப் பொம்மைகளின் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டான். “மாமா, எதுவுமே கலர் மேட்ச் ஆகலையே. இதெல்லாம் டூப்ளிகேட்டா?” என்றான்.

அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்தது. டூப்ளிகேட் இல்லை. முறையாக உரிமம் பெற்று நம் நாட்டில் செய்த பொம்மைகள் அவை. நிறம் மாறியிருப்பது குறையும் இல்லை. அவை எங்கே, எப்படிப் பிறந்தன என்பதற்கான அடையாளம். அவனுக்கு உட்கார வைத்துச் சொன்னதையும், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து உட்கார்ந்து செய்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் பொருள்களுக்கு அச்சு செய்வதுதான் 22 ஆண்டுகளாகத் தொழில். அதனால் பொம்மையைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் அதன் அச்சுதான் எனக்குத் தெரியும்.

முதலில் கொஞ்சம் வரலாறு

வரலாறு தெரியாமல் பழுது பார்த்தால் தவறான இடத்தில் கை வைத்துவிடுவீர்கள். அதனால் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோவை 1964இல் கொண்டுவந்தது. அப்போது அது 12 அங்குல உயரம், துணிச் சட்டை போட்ட பொம்மை. பையன்கள் ‘டால்’ என்றால் வாங்க மாட்டார்கள் என்பதற்காக ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரையே அதற்காகத்தான் உருவாக்கினார்கள். நமக்குத் தெரிந்த உள்ளங்கை அளவு ஜோ 1982இல் வந்தது. உயரம் 3¾ அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒன்பதரை சென்டிமீட்டர். 1983இல் முழங்கைக்கு மேலே கை சுழலும்படி மாற்றினார்கள். துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடிக்க முடிவது அதனால்தான். ஒவ்வொருவனுக்கும் அட்டையின் பின்பக்கம் ஊர், பயிற்சி, குணம் எல்லாம் எழுதிய ஒரு குறிப்பு உண்டு. அவற்றை எழுதியவர் லாரி ஹாமா. மார்வெல் வெளியிட்ட ஜோ காமிக்ஸையும் எழுதியவர் அவர்தான். எங்கள் தெருவில் பொம்மை வாங்க முடியாத பையன்கள்கூட அந்தக் குறிப்புகளை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். 1980களில் வெளிநாட்டுப் பொம்மையை இறக்குமதி செய்து கடையில் வைத்து விற்க முடியாது. நுகர்பொருள் இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதனால் வெளிநாட்டுக் கம்பெனி இங்கே பொம்மை விற்க வேண்டுமென்றால் இங்கேயே ஒரு கூட்டாளியைப் பிடித்து, இங்கேயே செய்ய வேண்டும். ஹாஸ்ப்ரோவுக்குக் கிடைத்த கூட்டாளி நம் எம்.ஆர்.எஃப். 1987இல் இரண்டும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் தொடங்கின. தலைமையிடம் சென்னை, முதல் தொழிற்சாலை கோவாவில்.

டயர் கம்பெனிக்குப் பொம்மையில் என்ன வேலை என்று அக்கா மகன் கேட்டான். எம்.ஆர்.எஃப். தொடங்கியதே பொம்மையில்தான். 1946இல் கே.எம். மாம்மென் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்தார். டயர் எல்லாம் பிறகு வந்தது. எங்கள் பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் ஒரு பஸ் தூரம். இதைச் சொன்ன பிறகு அவன் டப்பாவைப் பிடித்த விதமே மாறியது.

ஜோ பொம்மைகள் இந்தியாவில் மட்டும் இப்படி உள்ளூர் வடிவம் எடுக்கவில்லை. பிரேசிலில் எஸ்ட்ரெலா, ஜப்பானில் டகாரா, பிரிட்டனில் பாலிடாய் என்று நாட்டுக்கு ஒரு கம்பெனி அதைத் தன் ஊருக்கேற்ற பெயரில், நிறத்தில் விற்றது. பொம்மைக்கான எஃகு அச்சு விலை உயர்ந்த சாமான். ஒரு நாட்டில் வேலை முடிந்ததும் அதை அடுத்த நாட்டுக்கு அனுப்பினால் மறுபடி சம்பாதித்துக் கொடுக்கும். நம் ஊர் ஜோக்கள் இப்படி வேலை பார்த்து வந்த அச்சுகளில் பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இன்னொன்று. அமெரிக்காவில் அந்த 3¾ அங்குல வரிசையை 1994இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே ஃபன்ஸ்கூல் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது, 2000களின் தொடக்கம் வரை. 90களின் கடைசியில் இணையம் வந்ததும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுபிடித்து, நம் கடைகளில் தொங்கிய பொம்மைகளைத் தபாலில் வரவழைத்து வாங்கினார்கள். தங்கள் ஊரில் நின்றுபோனது இங்கே புதிதாக அட்டையில் தொங்கியது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

பொம்மையைப் படிப்பது எப்படி

நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

பொம்மையைத் திருப்பி இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் அல்லது காலில் பாருங்கள். ஹாஸ்ப்ரோ பெயரும் ஓர் ஆண்டும் பொறித்திருக்கும். பிளின்ட்டில் 1985, பீச் ஹெட்டில் 1986 போல. இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். அது உங்கள் பொம்மை செய்யப்பட்ட ஆண்டு கிடையாது. அந்த வடிவத்துக்கு ஹாஸ்ப்ரோ பதிப்புரிமை வாங்கிய ஆண்டு. அச்சில் ஒரு முறை வெட்டிவிட்டால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு பொம்மையிலும் அதே எண்தான் வரும், அது பத்து ஆண்டு கழித்து கோவாவில் வார்த்ததாக இருந்தாலும்.

அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் இருப்பவற்றில் சிலவற்றில் ‘இந்தியா’ என்று இருக்கிறது. சிலவற்றில் நாட்டின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் வழவழவென்று காலியாக இருக்கிறது. அச்சு வேலை தெரிந்தவனுக்கு இது புரியும். பழைய நாட்டின் பெயரை அச்சில் அடைத்து இழைத்திருக்கிறார்கள். காலியான அந்த இடமும் ஒரு தகவல்தான்.

அடுத்து, ஓரங்கள். பிளாஸ்டிக் அச்சு இரண்டு பாதியாகச் சேரும். சேரும் இடத்தில் பொம்மையின் மேல் ஒரு மெல்லிய கோடு விழும். அச்சு புதிதாக இருந்தால் அந்தக் கோடு நகத்தில் தட்டுப்படாது. லட்சக்கணக்கில் வார்த்து ஓரம் தேய்ந்த அச்சாக இருந்தால் இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய பிசிறு நிற்கும். இதையே நாங்கள் பிளாஷ் என்போம். மெஷினில் அச்சை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம் குறைந்தாலும் பிசிறு வரும், எல்லாவற்றுக்கும் தேய்மானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பிசிறோடு முகத்தின் நுணுக்கமும் மழுங்கியிருந்தால், புருவமும் சட்டைப் பையின் தையலும் கரைந்ததுபோல இருந்தால், அந்த அச்சு நிறைய வேலை பார்த்திருக்கிறது.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டில் இருந்த ஒரு ஜோவின் தோளில் பிசிறு தெரிந்தது. வேலையிடத்தில் அப்படி ஒரு பிசிறை விட்டால் சூப்பர்வைசர் விடமாட்டார். அந்தக் கையோடு சின்ன அரத்தை எடுத்து அழகாக இழைத்துவிட்டேன். பல ஆண்டு கழித்து, இன்னொருவரிடம் இருந்த அதே பொம்மையோடு ஒப்பிட்டு அச்சின் வயதைக் கணிக்கப் பார்த்தபோது, என்னுடையதில் படிக்க எதுவும் மிச்சமில்லை. அந்தத் தோளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படும். நீங்கள் அரத்தைத் தொடாதீர்கள்.

நிறத்துக்கும் இதே கதைதான். பிளாஸ்டிக் குருணையோடு மாஸ்டர்பேட்ச் என்ற நிறக் குருணையைக் கலந்துதான் வார்ப்பார்கள். அதன் அளவோ சப்ளையரோ மாறினால் அடுத்த லாட்டின் பச்சை வேறு பச்சையாகிவிடும். அதற்கு மேல் பெயிண்ட். பெல்ட்டுக்கு என்ன நிறம், பூட்ஸுக்கு என்ன நிறம் என்பதும் லாட்டுக்கு லாட் மாறும். ஃபன்ஸ்கூல் சேகரிப்பவர்கள் ஒரே ஆளை நான்கைந்து நிறபேதங்களில் தேடி வைத்திருப்பது இதனால்தான். ஆகவே அமெரிக்கப் படத்தோடு நிறம் ஒத்துப்போகவில்லை என்பது போலி என்பதற்கு ஆதாரம் ஆகாது.

அப்படியானால் உண்மையான போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்தில் திருவிழாக் கடைகளில் ஜோ மாதிரிப் பொம்மைகள் விற்றது உண்மை. கையில் எடுத்தவுடனேயே எடை குறைவாக இருக்கும். பெரும்பாலும் முதுகில் ஸ்க்ரூ இருக்காது, முழங்காலில் உலோக ரிவெட் இருக்காது, பதிப்புரிமை எழுத்து இருக்கவே இருக்காது. மூன்றும் இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

அட்டை மட்டும் கிடைத்தால் அது பொக்கிஷம். செய்த காலத்தை அதுதான் சொல்லும். 1977ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, விலை, பொட்டலம் கட்டிய மாதம், ஆண்டு எல்லாவற்றையும் அப்போது அச்சடித்தாக வேண்டியிருந்தது. சில அட்டைகளில் இது ரப்பர் ஸ்டாம்பாகவோ ஒட்டிய சீட்டாகவோ இருக்கும், மங்கியிருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். முகவரியில் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் 1996க்கு முன் அச்சடித்த அட்டை என்று எடுத்துக்கொள்ளலாம், ‘சென்னை’ என்றால் அதற்குப் பிந்தையது. பழைய அட்டை தீரும்வரை பயன்படுத்தியிருப்பார்கள் என்பதால் ஓராண்டு முன்னே பின்னே விட்டுக்கொடுங்கள். பொம்மையில் 1986, அட்டையில் 90களின் பின்பாதி என்று இருந்தால் குழம்ப வேண்டாம். முதலாவது அச்சின் வயது, இரண்டாவது பொம்மையின் வயது.

இடுப்பைச் சேர்ப்பது

இதற்காகத்தான் பாதிப் பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ஜோ இரண்டாகப் பிரிந்துவிட்டால் உடைந்துவிட்டது என்று தூக்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ. உடையவில்லை. உள்ளே இருந்த ரப்பர் வளையம் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளமைப்பு இப்படி. இரண்டு கால்களுக்கும் நடுவே ‘T’ வடிவில் ஓர் உலோகக் கொக்கி. அந்தக் கொக்கி இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாக மேலே வரும். நெஞ்சுக்கு உள்ளே ஸ்க்ரூ இறங்கும் ஒரு தூண். கொக்கிக்கும் தூணுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய ஓ-ரிங்தான் மொத்த உடம்பையும் பிடித்து வைத்திருக்கிறது. ரப்பருக்கு வயதாகும். காய்ந்து அறுந்துவிடும், அல்லது தார் மாதிரி இளகி ஒட்டிக்கொள்ளும்.

புது வளையத்துக்கு ஆயில் சீல், ஓ-ரிங் விற்கும் கடைக்குப் போங்கள். நான் புதுப்பேட்டையில் வாங்கினேன். உள்விட்டம் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தடிமன் 2 மில்லிமீட்டருக்கு உட்பட்டது என்று கேளுங்கள். நைட்ரைல் ரப்பர் போதும். பொம்மையையும் கையோடு எடுத்துப் போங்கள், அளவு சொல்லிப் புரிய வைப்பதைவிட அது சுலபம். கடைக்காரர் பொம்மையைப் பார்த்துவிட்டு “என் பையன் காலத்துல இருந்ததுல்ல இது” என்று தானே உள்ளே போய் நான்கு அளவுகளைக் கொண்டுவந்தார். சாதாரண ரப்பர் பேண்ட் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சில மாதங்களில் அறுந்துவிடும், மறுபடி திறக்க வேண்டும். அளவு சிறிய, இறுக்கமான ரிங்கும் வேண்டாம். அது இடுப்புத் துண்டை நாள்பட இழுத்துக் கவட்டுப் பகுதியைப் பிளந்துவிடும். இந்தப் பொம்மைகளில் அடிக்கடி உடைவது அந்த இடம்தான்.

முதுகு ஸ்க்ரூவுக்கு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தலையின் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் அளவைத் தேர்ந்தெடுங்கள். சின்னதை வைத்துத் திருகினால் பள்ளம் வட்டமாகத் தேய்ந்துவிடும், அப்புறம் யாராலும் திறக்க முடியாது. கடற்காற்று அடிக்கும் ஊர்களில் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருக்கும். தையல் ஊசியின் முனையில் எடுத்த அளவு எண்ணெயை ஸ்க்ரூ தலையில் வைத்து ஓர் இரவு விடுங்கள், காலையில் துடைத்துவிட்டு முயலுங்கள். அதற்கு மேல் எண்ணெய் வேண்டாம், பிளாஸ்டிக்குக்கு நல்லதல்ல. சால்டரிங் அயர்னால் ஸ்க்ரூவைச் சூடாக்கும் முறையும் உண்டு, வேலை செய்யும். ஆனால் முதல் முறை செய்பவர் தூணை உருக்கிவிட வாய்ப்பு அதிகம் என்பதால் நான் அதைச் சொல்லித்தர மாட்டேன்.

திறக்கும் முன்னால் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பாதியைத் தூக்கியதும் தலையும் கைகளும் தனியாக வந்துவிடும், எது இடது எது வலது என்று அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கும். பழைய ரப்பர் பிசின் போல ஒட்டியிருந்தால் பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். மிச்சத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம், உட்பக்கத்தில் மட்டும். வெளியே பெயிண்ட் இருக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் மூன்றையும் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். பொம்மையின் உடம்பு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும்.

பிறகு சேர்ப்பது. புது ரிங்கை இடுப்புத் துண்டின் ஓட்டைக்குள் விட்டு, கீழே கால் கொக்கியில் மாட்டுங்கள். ஒரு நூலை ரிங்கில் கோத்து மேலே இழுத்தால் தூணில் சுலபமாக ஏறிவிடும். நூலை உருவி எடுத்துவிடுங்கள். கைகளையும் தலையையும் அதனதன் குழியில் வைத்து, இரண்டு பாதியையும் விரலால் அழுத்தி மூடுங்கள். இடைவெளி தெரிந்தால் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. ஸ்க்ரூவால் இழுத்து மூடலாம் என்று நினைக்காமல் மறுபடி திறந்து பாருங்கள்.

ஸ்க்ரூ போடும்போது ஒரு விஷயம், எங்கள் தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொடுப்பது. ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்ததும் நேராக முடுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கம், கடிகாரச் சுற்றுக்கு மாறாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ‘டக்’ என்று கீழே இறங்குவது கைக்குத் தெரியும். பழைய மரை தொடங்கும் இடம் அது. அங்கிருந்து முடுக்கினால் பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இருக்கும் மரையிலேயே போகும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டிக்கொண்டு, மூன்றாம் முறை தூணே நொறுங்கிவிடும். இரண்டு பாதியும் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். கைகள் கொஞ்சம் இறுக்கமாகச் சுழன்றால் போதும்.

ஸ்பிரிட்டை நான் சேர்த்துக் காட்டினேன். பிளின்ட்டை அவனே சேர்த்தான், நாற்பது நிமிடம் ஆனது. மேசை மேல் நிற்க வைத்தபோது இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

விரலும் இடுப்பும் உண்மையாகவே உடைந்திருந்தால்

கட்டைவிரல் உடைவதற்குக் காரணம் துப்பாக்கிதான். தடித்த கைப்பிடியைச் சின்ன உள்ளங்கையில் திணிப்போம். ஆயுதம் மாட்டியே ஆக வேண்டுமென்றால், கை தாங்கும் சூட்டில் இருக்கும் வெந்நீரில் பொம்மையின் கையை மட்டும் ஒரு நிமிடம் வைத்து, துடைத்துவிட்டு மெதுவாக நுழையுங்கள். மாட்டிய ஆயுதத்தை வருடக்கணக்கில் அப்படியே விடாதீர்கள்.

போன விரலை ஒட்ட முடியாது. இடுப்புத் துண்டு பிளந்திருந்தால் ஃபெவிக்விக் போன்ற பசையும் நிற்காது, ரிங்கின் இழுவை அதை மறுபடி பிரித்துவிடும். ஒரே வழி, அதே ஆளின் உடைந்த இன்னொரு பொம்மையிலிருந்து இடுப்பை எடுத்துப் போடுவது. அதுவும் இந்திய வார்ப்பாக இருக்க வேண்டும், நிறம் அப்போதுதான் சேரும். போட்டால் எழுதி வையுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் ‘முழு ஒரிஜினல்’ என்று ஒரு பொம்மையைத் தபாலில் வாங்கினேன். நெஞ்சு ஒருவனுடையது, கால் இன்னொருவனுடையது. அவருக்கும் யாரோ அப்படித்தான் விற்றிருக்கலாம். நடுவில் ஒருவர் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கவட்டு, இரண்டு கட்டைவிரல்கள், முழங்கை ரிவெட்டைச் சுற்றியுள்ள விரிசல், ஸ்க்ரூ தலை ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் உள்ளே யாரோ போய் வந்திருக்கிறார்கள்.

கழுவுவது, வெள்ளையாக்குவது, வண்ணம் பூசுவது

கழுவுவது சுலபம். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளின் மென்மையான டூத் பிரஷ். ஊற வைக்க வேண்டாம், ரிவெட்டும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். பெயிண்ட் உள்ள இடத்தில் பிரஷ்கூட வேண்டாம், விரலே போதும். ஃபேன் காற்றில் ஒரு நாள் காய விடுங்கள்.

ஸ்டார்ம் ஷேடோவின் மஞ்சளைப் பற்றி அக்கா மகன் விடாமல் கேட்டான். 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்க வைத்து வெயிலில் காட்டினால் வெள்ளை திரும்பும், இது உண்மைதான். கையுறை போட வேண்டும், பெயிண்ட் இல்லாத பாகங்களை மட்டும் கழற்றிப் போட வேண்டும், நம் ஊர் வெயிலுக்கு மணிக்கொரு தரம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நாள் போகப் போக மஞ்சள் திரும்ப வரக்கூடும், பிளாஸ்டிக்கும் சோர்ந்து போகலாம். நான் செய்யவில்லை. முப்பது வருடம் பரணில் இருந்தவன் முப்பது வருடம் பரணில் இருந்தவனைப் போலத் தெரியட்டும்.

வண்ணம் பூசவே பூசாதீர்கள். பெல்ட்டில் பெயிண்ட் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, ஒரு கண் மேலே ஒரு கண் கீழே இருக்கிறதா, அப்படியே விடுங்கள். கோவாவில் ஒரு ஷிஃப்டில் ஒருவர் கையில் எடுத்து வேலை செய்த தடம் அது. அமெரிக்கப் படத்தைப் பார்த்து அதைத் ‘திருத்தினால்’ உங்களிடம் அமெரிக்கப் பொம்மையும் இருக்காது, இந்தியப் பொம்மையும் இருக்காது.

திரும்ப எடுத்து வைப்பது

பழைய டப்பாவில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு வைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. மெத்தென்ற பி.வி.சி.யில் செய்த குழாய், வார் போன்றவை ஏ.பி.எஸ். உடம்போடு ஒட்டிக் கிடந்தால், அவற்றிலிருந்து கசியும் மென்மையாக்கி உடம்பைத் தின்று தழும்பு போட்டுவிடும். ஏர்டைட்டின் தொடையில் அப்படி ஒரு பளபளப்பான தழும்பு இருக்கிறது. அதனால் சாமான்களைத் தனியாக, சின்ன ஜிப் கவரில் வையுங்கள். ஒவ்வொரு பொம்மையையும் பட்டர் பேப்பரில் சுற்றுங்கள். மூடி இறுகும் பாலிப்ரோப்பிலீன் டப்பா நல்லது, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. பூச்சி வருமே என்று பாச்சை உருண்டை போட்டுவிடாதீர்கள். நாப்தலின் ஆவி இந்த வகைப் பிளாஸ்டிக்கை இளக வைக்கும். பரண் வேண்டாம், ஓட்டுக்கோ தளத்துக்கோ கீழே சூடு அதிகம். பீரோவின் அடித்தட்டு போதும்.

அட்டை இருந்தால் மடிக்காமல், செல்லோ டேப் போடாமல், தெளிவான உறையில் தட்டையாக வையுங்கள். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி அச்செழுத்தையே தூக்கிக்கொண்டு போய்விடும், அதோடு மாதமும் ஆண்டும் போய்விடும்.

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு துண்டுக் காகிதம் எழுதி, சுற்றிய காகிதத்துக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். பேனா வேண்டாம், பென்சில். அக்கா மகன் எழுதிய முதல் துண்டு பீச் ஹெட்டுக்கு:

“ஃபன்ஸ்கூல். பின்பக்கம் 1986, அது அச்சின் வருஷம். அட்டை இல்லை. ஓ-ரிங் புதிது, புதுப்பேட்டை, இந்த ஜனவரி. மற்ற எல்லாம் பிறந்தபடி. தோளில் பிசிறு இருக்கிறது, தொடக் கூடாது. வலது கட்டைவிரல் மாமா ஆறாம் வகுப்பு படிக்கும்போது மொட்டை மாடியில் போனது.”